பினாங்குத் தோட்டத்திலிருந்து பீக்கிங் பல்கலைக் கழகத்துக்கு
சீன மாணவர்க்கு ஆங்கிலம் கற்பித்த ஒரு பினாங்குக்காரர் வரலாறு

பிறமொழியைக் கற்பிக்கும் ஆசிரியர், தம் மாணவருடைய சொந்த இலக்கியத்தையும் பண்பாட்டையும் வகுப்பறைக்குள் அழைத்து வரலாமா, அல்லது அவற்றை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் பாடம் நடத்த வேண்டுமா? ஆசிரியப் பயிற்சி வகுப்புகளிலே இந்த வினா அடிக்கடி எழுகின்றது. 'ஆங்கில வகுப்பில் ஆங்கிலமே இருக்கட்டும். தமிழ் குறுக்கே வந்தால் இரண்டும் கெடும்' என்பார் ஒரு சாரார். 'தமிழின் துணையின்றிப் பிறமொழி உள்ளத்தில் ஊன்றாது' என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் வாதத்தை நிறுத்தி வரலாற்றைச் சற்றே திருப்பிப் பார்ப்பது நலம். ஏனெனில், இதே வினாவைச் சீன நாடு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுப்பி வந்திருக்கிறது. அதற்குத் துணிவான விடையொன்றைத் தந்தவரோ, நம் பினாங்குத் தீவிலே, தோட்டக் கண்காணிப்பாளர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். அவர் பெயர் கூ ஹொங்மிங். இன்று பெய்ஜிங் என வழங்கும் பீக்கிங் நகரத்துப் பல்கலைக் கழகத்தில், 1910களின் பிற்பகுதியில், ஆங்கில இலக்கியம் கற்பித்த பேராசிரியர் அவர்.

மலாக்காவில் ஊன்றிய வித்து

சீன இளைஞர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் முயற்சி சீன மண்ணில் வேரூன்றுவதற்கு முன்னரே மலாயா மண்ணில் தொடங்கிவிட்டது. 1818ஆம் ஆண்டு, ராபர்ட் மாரிசன், வில்லியம் மில்னே என்னும் பாதிரிமார் இருவர் மலாக்காவில் ஆங்கிலோ சீனக் கல்லூரியை நிறுவினர். அந்நாளில் வெளிநாட்டவர் சீனத்துக்குள் தாராளமாக நுழைய இயலாது. ஆதலின், சீன மக்கள் குடியேறி வாழ்ந்த மலாக்காவை அவர்கள் தேர்ந்தனர். சீனர் ஆங்கிலமும், ஐரோப்பியர் சீனமும் கற்க வேண்டும் என்பது அக்கல்லூரியின் நோக்கம். சமயம் பரப்புதல் அதன் பின்னே நின்ற எண்ணம் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், கல்வி இருவழிப் பாதையாக இருக்க வேண்டும் என்ற கொள்கை அதன் அடித்தளத்திலேயே அமைந்திருந்தது.

1840இல் அக்கல்லூரிக்கு ஜேம்ஸ் லெக் என்னும் ஸ்காட்லாந்து இளைஞர் வந்து சேர்ந்தார். 1843இல் கல்லூரி ஹாங்காங்குக்கு மாற்றப்பட்டபோது அவரும் உடன் சென்றார். கன்பூசியரின் உரையாடல்களையும் பிற சீனத் தொன்னூல்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்து, 1861 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். 1876இல் ஆக்ஸ்போர்டின் முதல் சீனப் பேராசிரியரும் ஆனார். இந்த லெக் பெருமகனாரைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

உடன்படிக்கை கற்பித்த பாடம்

சீன அரசு ஆங்கிலத்தை விரும்பிக் கற்கவில்லை. தோல்வியின் பயனாகவே கற்றது. 1858ஆம் ஆண்டின் தியன்சின் உடன்படிக்கையில் ஒரு விதி உண்டு. ஆங்கிலேய அரசின் கடிதங்கள் இனி ஆங்கிலத்திலேயே எழுதப்படும். சிறிது காலத்துக்குச் சீனப் பெயர்ப்பு உடன் வரும். பொருளில் ஐயம் எழுந்தால் ஆங்கில வாசகமே செல்லும் என்பது அதன் சாரம். அஃதாவது, தன் நாட்டைப் பற்றிய உடன்படிக்கையின் பொருளைத் தானே தெளியச் சீன அரசுக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. அத்தேவையால் 1862இல் பீக்கிங்கில் தோன்றியதே தொங்வென் குவான் என்னும் மொழிப்பள்ளி. முதலில் ஆங்கிலமும், அடுத்துப் பிரெஞ்சும் உருசியமும் அங்கே கற்பிக்கப்பட்டன.

அப்பள்ளியில் வானநூலும் கணிதமும் சேர்க்க முனைந்தபோது, 1867இல், வோரென் என்ற பேரறிஞர் கடுமையாக எதிர்த்தார். அயலவரை ஆசிரியராகக் கொண்டால் நாட்டின் அறநெறி குலையும் என்பது அவர் அச்சம். அவர் எதிர்ப்பு வெல்லவில்லை. ஆனால், அந்த அச்சம் மட்டும் சீன ஆங்கிலக் கல்வியை விட்டு என்றுமே முற்றாக நீங்கவில்லை. மொழிப்பள்ளி 1902இல் பேரரசுப் பல்கலைக் கழகத்தோடு இணைந்தது. 1898இல் நிறுவப்பட்ட அப்பல்கலைக் கழகமே 1912இல் பீக்கிங் பல்கலைக் கழகம் எனப் பெயர் பெற்றது. கூ ஹொங்மிங் பாடம் சொன்னது அங்கேதான்.

தோட்டத்திலே பிறந்த பிள்ளை

கூ என்பது சீன அரசமொழி ஒலிப்பு. பினாங்கு ஹொக்கியன் மக்கள் அதே குலப்பெயரைக் கோ என்பர். பிரான்சிஸ் லைட் 1786இல் தீவில் இறங்கிய நாளில் அவரை வந்து கண்டவரும், அடுத்த ஆண்டே பினாங்கின் முதல் சீனக் கப்பித்தானாக அமர்ந்தவருமான கோ லே ஹுவானின் கொள்ளுப் பேரர் கூ ஹொங்மிங். அச்சே நாட்டிலிருந்து மிளகுக் கொடி கொணர்ந்து பினாங்கில் பயிரிட்ட பெருமையும் அந்தக் கப்பித்தானுக்கு உண்டு.

1857இல் கூ பிறந்தார். தந்தையார், பிரவுன் என்னும் ஸ்காட்லாந்துக் குடும்பத்தாரின் தோட்டத்தில் கண்காணிப்பாளர். அது ரப்பர்த் தோட்டம் என்று பல நூல்களில் எழுதப்பட்டிருக்கிறது. அது பொருந்தாது. ரப்பர் மலாயாவை எட்டியதே 1877இல்தான். கூ பிறந்த காலத்துப் பினாங்கு, சாதிக்காயும் கிராம்பும் தென்னையும் விளைந்த பினாங்கு. அதே காலத்தில் கடலுக்கு இப்பால், வெல்லஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களிலே நம்மவர் வெட்டுக் கத்தியோடு நின்றுகொண்டிருந்தனர் என்பதையும் நினைவில் வைப்போம். ஒரே காலம், ஒரே தோட்ட உலகம். ஆனால், துரையின் கண்ணில் பட்ட பிள்ளைக்குக் கிடைத்த வழி வேறு, கரும்புக் காட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த வழி வேறு.

தோட்ட உரிமையாளரான பிரவுன் துரை அச்சிறுவனின் அறிவுக் கூர்மை கண்டு அவனைத் தம்முடன் ஸ்காட்லாந்துக்கு அழைத்துச் சென்றார். எடின்பரோ பல்கலைக் கழகத்தில் பயின்று 1877இல் எம்.ஏ. பட்டம் பெற்றபோது கூவுக்கு வயது இருபது. ஆங்கிலம், இலத்தீன், கிரேக்கம், ஜெர்மன் முதலிய மொழிகள் அவர் வசமாயின. ஒரு மொழி மட்டும் வசமாகவில்லை. அது அவருடைய முன்னோரின் எழுத்து மொழி.

இழந்ததை மீட்டது

இக்குறை அவருக்கு மட்டும் உரியதன்று. நீரிணைக் குடியேற்றங்களில் ஆங்கிலம் கற்ற சீன இளைஞர் பலருக்கும் இருந்த குறை இது. 1869இல் சிங்கப்பூரில் பிறந்து, இராணியார் உபகாரச் சம்பளம் பெற்ற முதற் சீனராக எடின்பரோ சென்ற லிம் பூன் கெங்கிடம், சீன எழுத்துச் சுவடி ஒன்றின் பொருளைக் கேட்டபோது அவர் விடை கூற இயலாமல் நாணினார் என்பர். அந்த நாணமே அவரைச் சீனம் பயிலச் செய்தது. பின்னாளில், 1921 முதல் 1937 வரை, அவர் அமோய் பல்கலைக் கழகத்தின் தலைவராக விளங்கினார்; 'லீ சாவ்' என்னும் பழஞ்சீனக் காவியத்தை 1929இல் ஆங்கிலத்தில் பெயர்த்தும் வெளியிட்டார். பினாங்கில் பிறந்து, பினாங்கு இலவசப் பள்ளியில் பயின்று, கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்ற டாக்டர் வூ லியன் தேயும், 1908இல் சீன அரசின் அழைப்பை ஏற்றுச் சென்றபோது சீனமொழியில் வல்லவராக இல்லை. 1910 – 11இல் மஞ்சூரியக் கொள்ளை நோயை அடக்கிப் புகழ் பெற்றவர் அவர்.

கூவின் திருப்பம் சிங்கப்பூரில் நிகழ்ந்தது. நாடு திரும்பிக் குடியேற்ற அரசில் அவர் அலுவல் பார்த்துவந்த காலம். மா ஜியன்சோங் என்ற சீன அறிஞர், அபினி வாணிகம் பற்றி ஆங்கிலேயருடன் பேச இந்தியா சென்றுவிட்டு, அவ்வழியே வந்தார். பிரான்சில் பயின்றவர், இலத்தீன் கற்றவர், ஆயினும் சீனக் கல்வியில் ஆழங்கால் பட்டவர். அவருடன் நிகழ்ந்த உரையாடலே தம்மை மீண்டும் சீனராக்கியது எனக் கூ பிற்காலத்தில் எழுதினார். அதன்பின் அலுவலை உதறினார், ஐரோப்பிய உடையைக் களைந்தார், பின்னல் வளர்த்தார், பள்ளிப் பிள்ளை போல் சீன எழுத்தைத் தொடக்கத்திலிருந்து கற்கத் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு அகவை ஏறத்தாழ இருபத்தைந்து.

அந்த மா ஜியன்சோங்கைத் தமிழாசிரியர்கள் வேறொரு காரணத்துக்காகவும் அறிந்திருத்தல் வேண்டும். சீனமொழிக்கு மேலை முறையில் அமைந்த விரிவான இலக்கணத்தைச் சீனர் ஒருவர் எழுதியது 1898இல். எழுதியவர் அவரே. இலத்தீன் இலக்கணத்தின் சட்டகத்தை அளவுகோலாகக் கொண்டு தாய்மொழியை அளந்தார். அயல்மொழி அறிவு தாய்மொழிக்கு ஊழியம் செய்யலாம் என்பதற்கு அந்நூல் ஒரு சான்று.

1885 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், சாங் சிதோங் என்ற மாகாண ஆளுநரின் அலுவலகத்தில் கூ பணி புரிந்தார். அலுவலில் மொழிபெயர்ப்பு, ஓய்வில் தொன்னூல் பயிற்சி. 1910இல் அரசவை அவருக்குச் சிறப்புப் பட்டம் வழங்கியது. வெளிநாட்டில் கல்வி தொடங்கியவர் உள்நாட்டுக் கல்வியில் பெற்ற சான்று அது.

வகுப்பறையில் நடந்தது

இனி, கருவான செய்திக்கு வருவோம். பீக்கிங் பல்கலைக் கழகத்தில் கூ ஆங்கிலக் கவிதையை எப்படிக் கற்பித்தார்? அவரிடம் பயின்ற மாணவருள் சிலர் பிற்காலத்தில் எழுதிய நினைவுரைகள் இதனைக் காட்டுகின்றன.

சீனத்தின் மிகப் பழைய பாத்தொகை 'ஷீ ஜிங்' என்பது; 305 பாடல்கள் கொண்டது. நாட்டுப்புறப் பாடல்கள் ஒரு பகுதி. அரசவைச் சிறு பாடல்கள், பெரும் பாடல்கள் என மேலும் பகுதிகள். கூ, ஆங்கிலப் பாடல்களையும் இவ்வாறே வகுத்தார். இன்ன பாடல் அயல்நாட்டு நாட்டுப்புறப் பாட்டு, இன்னது அயல்நாட்டுச் சிற்றவைப் பாட்டு, இன்னது பேரவைப் பாட்டு என்று மாணவர்க்குக் கூறினார். மில்டன் 1637இல், கடலில் மூழ்கி இறந்த தம் கல்லூரித் தோழருக்காகப் பாடிய 'லிசிடஸ்' என்னும் இரங்கற்பாவை, அயல்நாட்டு 'லீ சாவ்' என்று அறிமுகம் செய்தார்.

இதன் நுட்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். 'லீ சாவ்' பாடிய சூ யுவான், மீலோ ஆற்றில் மூழ்கி உயிர் துறந்த புலவர். சீனர் ஐந்தாம் திங்களில் அரிசிப் பொதி கட்டி உண்பதும் படகோட்டுவதும் அவர் நினைவாகவே என்பது மரபு. ஜார்ஜ் டவுன் கடைத்தெருக்களில் ஆண்டுதோறும் அப்பொதிகள் தொங்குவதை நாமும் காண்கிறோம். நீரில் மாண்டவர், நிறைவேறாத ஆற்றல், ஆட்சியாளரின் சீர்கேட்டைக் கண்டு எழும் சினம் ஆகியவை இரு பாடல்களிலும் இழையோடுகின்றன. மில்டனின் கிரேக்கத் தெய்வங்களையும் ஆயர் வேடத்தையும் கண்டு மிரளும் சீன மாணவன், 'லீ சாவ்' என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடன் பாதி வழியைக் கடந்துவிடுகிறான். மீதிப் பாதியில், இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை அவனே தேடுகிறான்.

நம் வகுப்பில் இதே 'லிசிடஸ்' வருமாயின் நாம் கூற வேண்டிய சொல் ஒன்று ஆயத்தமாக இருக்கிறது. அது 'கையறுநிலை'. பாரி மறைந்தபின் கபிலர் பாடியவற்றைப் படித்த மாணவனுக்கு மில்டன் அந்நியராக வரமாட்டார். இழப்பைப் பாடும் துறைக்குத் தனிப்பெயரே வைத்த மொழி தமிழ்.

ஏன் ஆங்கிலக் கவிதை கற்க வேண்டும் என்பதற்குக் கூ மாணவரிடம் கூறிய காரணமும் நினைவுரைகளில் உளது. ஆங்கிலத்தை நன்கு கற்று, சீன மக்களின் வாழ்வியல் அறத்தையும் கவிதை நெறியையும் பிற நாட்டார்க்கு எடுத்துரைப்பதற்காகவே என்றாராம். ஆங்கிலம் கற்பது ஆங்கிலேயராவதற்கன்று. நம்மை அவர்கள் அறியுமாறு பேசுவதற்கு. அந்நாளில் இது புதுமையான பேச்சு.

எழுதிக் காட்டிய ஆசிரியர்

சொன்னதைத் தாமும் செய்து காட்டினார். 1898இல் கன்பூசியரின் உரையாடல்களைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். மேலே கண்ட லெக் பெருமகனாரின் பெயர்ப்பு அவருக்கு நிறைவளிக்கவில்லை. லெக்கின் உழைப்பை மறுக்கவில்லை. அந்த அறிவு உயிரற்ற நூலறிவு என்பது அவர் தீர்ப்பு. ஆகவே, தம் பெயர்ப்பில் சீனப் பெயர்களைக் குறைத்து, கெதே முதலிய ஐரோப்பியப் புலவர்களின் மொழிகளை ஒப்புமையாகக் காட்டினார். வகுப்பறையில் மில்டனைச் சீன மாணவர்க்கு எவ்வாறு விளக்கினாரோ, அவ்வாறே கன்பூசியரை ஐரோப்பியர்க்கு விளக்கினார். முறை ஒன்று, திசை மட்டும் வேறு.

இதனோடு நம் வரலாற்றை ஒப்பு நோக்குதல் தகும். லெக் ஆக்ஸ்போர்டில் சீனம் கற்பித்த 1880களில், அதே ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்தவர் ஜி. யு. போப். போப்பின் திருக்குறள் ஆங்கிலப் பெயர்ப்பு 1886இல் வெளிவந்தது. அடுத்து, தமிழர் ஒருவர் தம் நூலைத் தாமே உலகுக்குச் சொல்ல முற்பட்டார். வ. வெ. சு. ஐயரின் குறள் பெயர்ப்பு 1916இல் வெளிவந்தது. லெக்குக்குப் பின் கூ. போப்புக்குப் பின் ஐயர். அயலார் நம்மை அன்போடு எடுத்துரைத்த காலத்தை அடுத்து, நாமே நம்மை எடுத்துரைக்கும் காலம் வந்தது. அதற்குக் கருவியாக நின்றது ஆங்கிலப் பயிற்சியே.

உருசிய நாட்டுத் தால்ஸ்தாய் கூவுக்கு எழுதிய நீண்ட மடல், 'சீனர் ஒருவருக்குக் கடிதம்' என்ற பெயரில் 1906இல் வெளியாயிற்று. 1908இல் அதே தால்ஸ்தாய் 'இந்தியர் ஒருவருக்குக் கடிதம்' எழுதினார். அதில் குறளைச் சுட்டினார். மொழிபெயர்ப்பு என்ற தோணி இல்லையேல் கன்பூசியரும் வள்ளுவரும் அந்தப் பனிநாட்டுப் பண்ணை வீட்டை அடைந்திருக்க முடியாது.

மற்றொரு செய்தியும் இங்கே உரியது. 1966இல் ராபர்ட் காப்லன் என்ற அமெரிக்க மொழியியலார், ஒவ்வொரு பண்பாட்டாரும் கட்டுரை எழுதும் போக்கைக் கோடு வரைந்து காட்டினார். ஆங்கிலேயர் நேர்கோடாம்; கீழைநாட்டார் சுற்றிச் சுற்றி வரும் சுருளாம். ஆசிரியப் பயிற்சி வகுப்புகளில் அந்தப் படம் நெடுங்காலம் உலவியது. பிறர் அதனை மறுத்தனர். காப்லனே பின்னர்த் தம் கருத்தைத் தளர்த்திக்கொண்டார். கூ ஹொங்மிங்கின் 'சீன மக்களின் உள்ளம்' என்ற 1915ஆம் ஆண்டு ஆங்கில நூலைப் படிப்பவர்க்கு அந்த மறுப்பு எளிதில் விளங்கும். கருத்தை முன்வைத்து, காரணம் காட்டி, முடிபு கூறும் ஆங்கில நடையை ஒரு சீனர் முழுமையாக ஆண்டிருக்கிறார். எழுத்து நடை குருதியில் வருவதன்று, பயிற்சியில் வருவது.

தலைமேல் பின்னல்

கூவின் புகழைப் பாடுவதோடு நின்றால் அது வரலாறாகாது. 1911ஆம் ஆண்டுப் புரட்சியால் மன்னராட்சி வீழ்ந்த பின்னும் அவர் பின்னலை நறுக்கவில்லை. மன்னராட்சி மீள வேண்டும் என்றார். 1917இல் சில நாட்களே நீடித்த மன்னராட்சி மீட்பு முயற்சியிலும் பங்கு கொண்டார். பெண்களின் பாதத்தைக் கட்டும் கொடிய வழக்கத்துக்கும், ஆடவர் பல மனைவியரைக் கொள்வதற்கும் நியாயம் பேசினார். எளிய மக்கள் மொழியில் இலக்கியம் படைக்க வேண்டும் என்று எழுந்த புதிய பண்பாட்டு இயக்கத்தை எள்ளி நகையாடினார். அவருடைய பின்னலைக் கண்டு வகுப்பு மாணவர் சிரித்தபோது, 'என் பின்னல் தலைமேல் இருக்கிறது. உங்கள் பின்னல் உள்ளத்தில் இருக்கிறது' என்றாராம். சொல் கூரியது. ஆனால், பெண் குழந்தையின் எலும்பை முறிக்கும் வழக்கத்தைச் சொற்கூர்மை காப்பாற்றிவிடாது.

அத்தகைய ஒருவரைப் பல்கலைக் கழகம் வைத்திருக்கலாமா என்ற குறை எழுந்தது. தலைவர் சாய் யுவான்பெய் 1919 மார்ச்சில் எழுதிய மடலில் விடை இறுத்தார். பின்னல் வைத்து மன்னராட்சி பேசும் ஆசிரியர் ஒருவர் இங்கே உள்ளார். அவர் கற்பிப்பது ஆங்கில இலக்கியம். அதற்கும் அரசியலுக்கும் தொடர்பில்லை. ஆதலின் இருக்கலாம் என்பது அவர் கருத்து. பரந்த உள்ளத்துக்கு எடுத்துக்காட்டாகும் மடல் அது. கூ 1928 ஏப்ரல் 30ஆம் நாள் பீக்கிங்கில் காலமானார்.

இங்கே நாம் உய்த்துணர வேண்டியது ஒன்றுண்டு. வகுப்பறையில் கூ தம் மரபை அளவுகோலாகக் கையாண்டார். அதனால் மாணவர்க்கு மில்டனும் விளங்கினார், சூ யுவானும் புதிதாய் விளங்கினார். அரசியலில் அதே மரபைக் கேடயமாகப் பிடித்தார். அதனால் தம் மரபின் புண்களும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அளவுகோல் இரண்டு பொருள்களையும் அளக்கும். கேடயம் ஒன்றையும் காட்டாது.

கூவுக்குப் பின்

1929 – 30இல் சிங்குவா பல்கலைக் கழகத்தில் கற்பித்த ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞரின் வகுப்பில் நடந்ததாக ஒரு செய்தி கூறுவர். தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' என்னும் புதினத்தின் முடிவில் கதைத்தலைவி தூக்கிலிடப்படுகிறாள். அதைப் படித்தபோது சீன மாணவர் கைதட்டினராம். தந்தைக்கு உரிய மதிப்பை அவள் தரவில்லை, ஆதலின் அது தக்க தண்டனை என்பது அவர்கள் எண்ணம். சொற்பொருள் தெரிந்தும் கதை விளங்கவில்லை. வாசலில் நிறுத்தியதாக நாம் எண்ணும் பண்பாடு, உண்மையில் மாணவனுக்கு முன்னரே உள்ளே வந்து அமர்ந்திருக்கிறது. ஆசிரியர் அதனை அறிந்து பேசினாலன்றி அது மறைவிலிருந்தே ஆட்சி செய்யும்.

1937இல் ஜப்பானியர் படையெடுப்பால் பல்கலைக் கழகங்கள் தெற்கே பெயர்ந்தன. வில்லியம் எம்ப்சன் என்ற ஆங்கிலக் கவிஞர் மாணவரோடு உடன் பெயர்ந்து, நூல்கள் இல்லாத நிலையில் நினைவிலிருந்தே கவிதைகளை எழுதிப் பாடம் நடத்தினார். 1949க்குப் பின் சில ஆண்டுகள் உருசிய மொழி முதலிடம் பெற்றது. 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சி ஆங்கில ஆசிரியர் பலரை வகுப்பறையிலிருந்தே வெளியேற்றியது. 1977இல் பல்கலைக் கழக நுழைவுத் தேர்வு மீண்டது. 1987இல் கல்லூரி மாணவர்க்கெனத் தனி ஆங்கிலத் தேர்வும் தோன்றியது. இலட்சக் கணக்கானோர் ஆங்கிலம் கற்றனர்.

கற்றபின் நேர்ந்தது என்ன? 2000ஆம் ஆண்டில், நாஞ்சிங் பல்கலைக் கழக ஆசிரியர் ஒருவர் 'குவாங்மிங்' நாளிதழில் ஒரு குறையை வெளியிட்டார். ஆங்கிலம் உயர்நிலை வரை கற்ற சீன மாணவர்க்குக் கன்பூசியரைப் பற்றியோ, தம் விழாக்களைப் பற்றியோ ஆங்கிலத்தில் எடுத்துரைக்கத் தெரியவில்லை. தம் பண்பாடு என்று வரும்போது அவர்கள் பேச்சிழந்து நிற்கின்றனர் என்பதே அக்குறை. அது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 2013 டிசம்பர் முதல் கல்லூரி ஆங்கிலத் தேர்வில், சீன வரலாறு, பண்பாடு, சமூகம் பற்றிய பத்தியொன்றை ஆங்கிலத்தில் பெயர்க்கும் வினா இடம்பெறலாயிற்று. கூ ஹொங்மிங் வகுப்பறையில் கூறியதைத் தேர்வுத்தாள் கூற ஏறக்குறைய நூறாண்டு சென்றது.

நமக்குரிய பாடம்

நம் தோட்டப் பள்ளிப் பிள்ளை ஆறாண்டு தமிழில் பயில்கிறான். மலாயும் ஆங்கிலமும் உடன் கற்கிறான். பின் இடைநிலைப் பள்ளிக்குச் செல்கிறான். அங்கே தமிழ் மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போவதை நாம் அறிவோம். தமிழை முழுதும் விட்டுவிட்டால் ஆங்கிலத்தில் விரைந்து முன்னேறலாம் என்று எண்ணும் பெற்றோரும் உளர். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. பிள்ளையின் பிழைப்பு அவர்கள் கவலை. அவர்களுக்குக் கூவின் வரலாற்றைச் சொல்லலாம். ஐரோப்பிய மொழிகளிலெல்லாம் வல்லவரான பினாங்குப் பிள்ளை, தன் முன்னோர் எழுத்தைக் கற்க இருபத்தைந்து வயதில் அரிச்சுவடியைத் திறக்க வேண்டியிருந்தது. அந்த எழுத்து நம் பிள்ளைக்கு ஆறு வயதில், செலவின்றி, பள்ளியிலேயே கிடைக்கிறது.

நாட்கடந்து கற்றவரெல்லாம் கூவைப் போலக் கேடயம் ஏந்துவர் என்பதும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலமும், உரோமையில் இறையியலும் கற்ற தனிநாயக அடிகள், அதன் பின்னரே அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் தமிழை ஆழ்ந்து பயின்றார். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கில முத்திங்கள் இதழைத் தொடங்கினார். 1961 முதல் நம் மலாயாப் பல்கலைக் கழகத்தில் பணியாற்றினார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூட முன்னின்றார். சங்கப் பாடலைக் கிரேக்க, இலத்தீன் பாடல்களோடு ஒப்பிட்ட அவர் கையிலும் இருந்தது அளவுகோலே. அயலவரைத் தாழ்த்த அவர் அதைப் பயன்படுத்தவில்லை. தமிழின் குறைகளை மூடவும் பயன்படுத்தவில்லை.

ஆகவே, ஆசிரிய அன்பர்கள் வகுப்பில் செய்யத்தக்கவை சில உள. ஆங்கிலப் பாடல் ஒன்றைக் கற்பிக்கும் நாளில், அதனோடு ஒத்த பொருளுடைய தமிழ்ப் பாடல் ஒன்றை அருகில் வையுங்கள். காத்திருத்தலைப் பாடும் ஆங்கிலப் பாட்டு வந்தால் முல்லையை நினைவூட்டுங்கள். இழப்பைப் பாடினால் கையறுநிலையைச் சொல்லுங்கள். ஒற்றுமையைக் கண்டவுடன் நின்றுவிடாமல், வேற்றுமையையும் பிள்ளையே கூறட்டும். கட்டுரைப் பயிற்சியில், பொங்கலையோ, வீட்டு வாசற் கோலத்தையோ, பாட்டன் தோட்டத்துக்கு வந்த கதையையோ ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். அண்டை வீட்டுச் சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் படித்தால் விளங்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை வையுங்கள். அந்த நிபந்தனை ஒன்றே இலக்கணப் பயிற்சி பத்துக்கு நிகராகும்.

தமிழ் குறுக்கே வந்தால் ஆங்கிலம் கெடும் என்பது, தமிழை வாசலில் நிறுத்த முடியும் என்ற நம்பிக்கையில் பிறந்த கூற்று. பிள்ளையின் உள்ளத்தில் அது முன்னரே இருக்கிறது. அதை ஆசிரியர் கையில் எடுத்துக்கொண்டால் அளவுகோல். எடுக்காவிட்டால் அது பிள்ளைக்கு வெறும் நாணமாக மாறிவிடும். பினாங்குத் தோட்டத்திலே பிறந்து பீக்கிங்கிலே பாடம் சொன்ன அந்தப் பேராசிரியரின் பின்னலை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. அவர் கையில் இருந்த கோலை மட்டும் வாங்கிக்கொள்வோம்.